உராய்வுக்கும் ஒரு கணக்கு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆற்றில் போட்ட பொருள் திரும்பி வரப்போவதில்லை. திரும்பி வராததை அளந்து போட்டால் என்ன, அள்ளிப் போட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். எவ்வளவு போயிற்று என்று தெரிந்தவனுக்கே எவ்வளவு மிஞ்சியது என்பதும் தெரியும். பழமொழியின் கருத்து அதுதான். குடும்பம் நடத்துகிறவர்கள் யாவரும் அறிந்த இந்த விஷயத்தை, ராக்கெட் செய்கிற விஞ்ஞானிகள் மிகுந்த பொருட்செலவில் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்த வரலாற்றையே இங்கு நேயர்களுக்குச் சொல்ல முற்படுகிறோம்.

ஜ்வாலைக்கு மேலே

ராக்கெட் வானில் எழும்பும் காட்சியைப் படத்திலேனும் பார்த்திராதவர்கள் இக்காலத்தில் அபூர்வம். அக்காட்சியில் நம் கண்ணைப் பறிப்பது அதன் வாலில் எழும் பெரும் ஜ்வாலையே. அந்த ஜ்வாலைக்குச் சற்று மேலே, எஞ்சினின் தோளோடு ஒட்டினாற்போல், ஒரு பம்பு அசுர வேகத்தில் சுழன்றுகொண்டிருப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. டர்போ பம்பு என்று அதற்குப் பெயர். ஆவியினால் சுழலும் டர்பைன் சக்கரம் ஒருபுறம். அதே அச்சின் மறுபுறம் திரவத்தைத் தள்ளும் பம்புச் சக்கரம். இந்தச் சுழற்சி நின்றால் ஜ்வாலையும் நின்றுவிடும்.

பம்பு எதற்கு என்று கேட்கலாம். எரிபொருளும், அதை எரிப்பதற்கு வேண்டிய பிராணவாயுவும் திரவ ரூபத்தில் இரு தொட்டிகளில் இருக்கின்றன. அவை கலந்து எரிகின்ற அறையிலோ அமுக்கம் மிக அதிகம். அதைவிட அதிக அமுக்கத்தோடு தள்ளினால்தான் திரவம் உள்ளே நுழையும். தொட்டிகளையே அவ்வளவு அமுக்கத்தில் வைத்துவிடலாம். ஆனால் அதைத் தாங்கத் தொட்டியின் சுவர் மிகவும் தடித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ராக்கெட் தன் தொட்டியைச் சுமப்பதிலேயே சக்தி முழுவதையும் இழந்துவிடும். ஆகையால் தொட்டியை மெல்லிய தகட்டினால் செய்து, அமுக்கத்தை உண்டாக்கும் வேலையை ஒரு பம்பினிடம் ஒப்படைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது ஜெர்மனியின் வி-2 ராக்கெட். பால்டிக் கடற்கரையிலுள்ள பேனமுண்டேயிலிருந்து 1942-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி அது வெற்றிகரமாய்ப் பறந்தது. சாராயமும் திரவப் பிராணவாயுவுமாக ஏறக்குறைய 8,700 கிலோவை சுமார் 65 விநாடியில் அதன் பம்பு தள்ளித் தீர்த்தது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் திரவம் சிதைந்து வெளிவிடும் நீராவி, சுமார் 580 குதிரைச் சக்தியோடு அந்தப் பம்பைச் சுழற்றிற்று. லண்டன், ஆண்ட்வெர்ப் முதலிய நகரங்களில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்ற ஆயுதம் அது. அதை உற்பத்தி செய்த சுரங்கத் தொழிற்சாலையில் அடிமைகளாய் உழைத்து மடிந்த கைதிகளும் பல்லாயிரவர். யந்திரத்தின் சாமர்த்தியத்தைப் பேசும்போது அந்த மனிதர்களை மறந்துவிடுவது தர்மமாகாது.

நூற்றுக்கு ஒன்று

வி-2 பறந்து இருபத்தேழு வருஷம் சென்றபின், 1969-ம் வருஷம் ஜூலை மாதத்தில், அமெரிக்கர்கள் சந்திரனில் கால் வைத்தார்கள். அவர்களைக் கொண்டுசென்ற ஸாட்டர்ன்-5 ராக்கெட்டின் அடித்தட்டில் எப்-1 என்ற எஞ்சின்கள் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றும் விநாடிக்கு 2,500 கிலோவுக்கு மேல் திரவத்தைக் குடித்தது. அதைக் குடிப்பாட்டிய பம்பு நிமிஷத்துக்கு 5,500 சுற்று வீதம் சுழன்றது. அதன் சக்தி சுமார் 55,000 குதிரைச் சக்தி.

இந்தப் பம்பில் உராய்வினால் நேரும் நஷ்டத்தைக் கணக்கிட்டவர்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தவறியிருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 55,000-ல் நூற்றில் ஒரு பங்கு 550. வி-2 ராக்கெட்டின் பம்பு முழுவதையும் ஓட்டிய சக்திக்கு ஏறக்குறைய சமானம் அது! காகிதத்தில் ஒரு புள்ளி பிசகினால் யந்திரத்தில் ஒரு ராக்கெட்டின் பம்பே காணாமற்போகிறது.

காணாமற்போன சக்தியை யாராவது கொடுத்தாக வேண்டும். டர்பைனை ஓட்டுவதற்காக எஞ்சின் தன் எரிபொருளில் ஒரு சிறு பகுதியைத் தனியே எரிக்கிறது. உராய்வு எதிர்பார்த்ததைவிட அதிகமானால், ஒன்று அந்தப் பகுதியை அதிகப்படுத்த வேண்டும். அல்லது பம்பு குறைந்த வேகத்தில் நிலைகொண்டு, அறையின் அமுக்கம் தணிந்து, ராக்கெட்டின் பலம் குன்றிவிடும். சரி, பத்திரத்துக்காக நஷ்டத்தைச் சற்றுக் கூட்டியே மதிப்பிட்டு வைத்தால் என்ன? அதுவும் ஆபத்துத்தான். எதிர்பார்த்த நஷ்டம் இல்லாதபோது டர்பைன் வரம்பு மீறிச் சுழலும், அமுக்கம் ஏறும், அதைத் தாங்கும்படி செய்யப்படாத பாகங்கள் பிளந்துபோகும். மிகையும் கூடாது, குறையும் கூடாது. சரியான தொகை வேண்டும்.

சக்தி எங்கே போகிறது?

பம்பின் வரவு செலவுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

வரவுப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவர் லியோனார்டு ஆய்லர் என்ற சுவிட்ஜர்லாந்து தேசத்துக் கணித மேதை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு வேகமாய்ச் சுற்றுகிறது, அது திரவத்தை எவ்வளவு வேகமாய்ச் சுழற்றி வெளியே விடுகிறது என்ற இரண்டையும் பெருக்கினால், ஒவ்வொரு கிலோ திரவத்துக்கும் சக்கரம் கொடுக்கும் சக்தி தெரிந்துவிடும். உராய்வு என்பதே இல்லாத உலகத்தில் கணக்கு இத்துடன் முடிந்தது.

நம் உலகத்திலோ வரவிலேயே முதலில் ஒரு துண்டு விழுகிறது. சக்கரத்தின் இதழ்கள் வழிகாட்டும் திசையில் திரவம் முற்றிலும் அடங்கிச் செல்வதில்லை. கொஞ்சம் வழுவிப் பின்தங்குகிறது. இதை நஷ்டம் என்பதைவிட, எதிர்பார்த்த வரவு முழுவதும் வராமற்போவது என்று சொல்வதே பொருந்தும்.

அப்புறம் செலவுகள். இதழ்களுக்கு இடையே உள்ள சந்துகளில் திரவம் சுவரை உரசிக்கொண்டு பாய்கிறது. வேகம் இரட்டித்தால் அந்த உராய்வு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. திரவம் வரும் திசையும் இதழின் முனை நோக்கும் திசையும் ஒத்திராவிட்டால், திரவம் இதழில் மோதிச் சிதறுகிறது. அது ஒரு செலவு. எந்த அளவுக்கென்று பம்பு செய்யப்பட்டதோ அந்த அளவில் ஓடும்போது இந்த மோதல் மிகவும் குறைவு. அதிகமாகவோ குறைவாகவோ ஓட்டினால் விரைவாய் வளர்கிறது. சுழலும் சக்கரத்துக்கும் அசையாத கூட்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி வழியாக, ஏற்கெனவே அமுக்கம் பெற்ற திரவம் கசிந்து வந்த வழியே திரும்பிவிடுகிறது. சம்பளம் கொடுத்த வேலைக்கு மறுபடியும் சம்பளம் கொடுப்பது போன்ற செலவு அது. பேரிங்குகளும் கசிவு தடுக்கும் சீல்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இவையெல்லாம் போக, வாயில் நுழைந்த சக்தியில் நூற்றுக்கு 65 முதல் 80 வரை திரவத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அதை நல்ல ராக்கெட் பம்பு என்று சொல்லலாம்.

இன்னும் ஒரு செலவை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தோம். ராக்கெட் பம்பின் உருவத்தையே நிர்ணயித்தவற்றுள் அது முக்கியமானதாகையால் அதைத் தனியே பார்க்க வேண்டும்.

மத்து சொல்லும் பாடம்

தயிர் கடையும் மத்தை மெதுவாய்ச் சுழற்றினால் கை வலிப்பதில்லை. கயிற்றை வேகமாய் இழுக்க இழுக்க, கையின் சிரமம் வேகத்தைக் காட்டிலும் மிக விரைவாய் ஏறுகிறது. பெரிய மத்தானால் சொல்லவே வேண்டாம். இத்தனைக்கும் மத்து தயிரை எங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. இருந்த இடத்திலேயே சுழலவிடுகிறது.

பம்புச் சக்கரத்தின் முன்னும் பின்னும் உள்ள தட்டையான முகங்கள் அந்த மத்தைப் போன்றவை. இதழ்கள் திரவத்தைத் தள்ளும் வேளையில், இந்த முகங்கள் கூட்டுக்குள் அடைபட்ட திரவத்தை வீணே கடைந்துகொண்டிருக்கின்றன. இதைத் தட்டு உராய்வு என்று சொல்லலாம். திரவம் கொந்தளித்து ஓடும் நிலையில், இதில் செலவாகும் சக்தி, சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தையும் சக்கர ஆரத்தின் ஐம்மடிப் பெருக்கத்தையும் ஒட்டி ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு செலவு. ஆரம் இரட்டித்தால் முப்பத்திரண்டு மடங்கு செலவு!

இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு பிறக்கிறது. பம்பு கொடுக்கும் அமுக்கம் சக்கர விளிம்பின் வேகத்தைப் பொறுத்தது என்று ஆய்லர் கணக்கில் கண்டோம். சக்கரத்தின் ஆரத்தைப் பாதியாக்கிச் சுழற்சியை இரட்டிப்பாக்கினால், விளிம்பின் வேகம் மாறுவதில்லை. ஆகவே அமுக்கமும் மாறுவதில்லை. தட்டு உராய்வோ, வேகத்தினால் எட்டு மடங்கு ஏறி, ஆரத்தினால் முப்பத்திரண்டில் ஒரு பங்காய் இறங்கி, முடிவில் கால் பங்காகிவிடுகிறது. எடையும் குறைகிறது. ராக்கெட் பம்புகள் ஏன் சிறியனவாகவும் பேய் வேகமுள்ளவையாகவும் இருக்கின்றன என்பதற்கு இதுவே ஒரு முக்கிய காரணம். வி-2 ராக்கெட்டின் பம்பு நிமிஷத்துக்கு சுமார் 3,800 சுற்றுச் சுழன்றது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் எஞ்சினில் இருந்த ஹைட்ரஜன் பம்பு 35,000 சுற்றுக்கு மேல் சுழன்றது. சுமார் 350 கிலோ எடையுள்ள அந்தச் சிறு யந்திரம் 70,000 குதிரைச் சக்திக்கு மேல் வேலை செய்தது.

இரண்டு முட்டுக்கட்டைகள்

அப்படியானால் இன்னும் சிறிதாக, இன்னும் வேகமாக என்று போய்க்கொண்டே இருக்கலாமே என்று நேயர்கள் நினைக்கலாம். இயற்கை அவ்வளவு தாராளமாய் இடம் கொடுப்பதில்லை.

முதலாவது, சக்கரம் சிறுத்தாலும் அதற்கும் கூட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி அதே விகிதத்தில் சிறுக்க மறுக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடக் கூடாது அல்லவா? ஆகவே சிறிய பம்பில் கசிவின் பங்கு வளர்ந்துவிடுகிறது. தட்டு உராய்வில் மிச்சம் பிடித்ததைக் கசிவில் கோட்டை விடுகிறோம்.

இரண்டாவது, சக்கரத்தின் நுழைவாயிலில் திரவத்தை மிக வேகமாய் இழுத்தால் அங்கே அமுக்கம் தணிந்து, திரவம் ஆவிக் குமிழிகளாய்க் கொதிக்கத் தொடங்குகிறது. அக்குமிழிகள் அமுக்கம் உயர்ந்த இடத்துக்குச் சென்றதும் சம்மட்டியடி போல் வெடித்து அடங்குகின்றன. உலோகம் அரிக்கப்படுவதோடு சக்கரமே நடுங்குகிறது. ஜப்பான் தேசத்தார் 1999-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி அனுப்பிய எச்-2 ராக்கெட்டின் முதல் அடுக்கு எஞ்சின், காலத்துக்கு முன்பே நின்றுபோயிற்று. காரணம் அறியாமல் விடக்கூடாது என்று அவர்கள் சுமார் 3,000 மீட்டர் ஆழமுள்ள கடலின் அடியில் தேடி அந்த எஞ்சினை மீட்டுக் கரைசேர்த்தார்கள். ஹைட்ரஜன் பம்பின் நுழைவாயிலில் இருந்த சக்கரத்தின் இதழ் முறிந்திருந்தது. குமிழிகளால் எழுந்த நடுக்கம் அதை முறித்திருந்தது. கடலின் அடியிலிருந்து கணக்கைத் திருத்திக்கொள்ள நேர்ந்த அந்தத் தேசத்தாரின் விடாமுயற்சி போற்றத்தக்கது.

குளிரும் சூடும்

உராய்வில் போன சக்தி அழிந்துவிடுவதில்லை. உஷ்ணமாய் மாறித் திரவத்திலேயே தங்குகிறது. கிணற்று நீரை இறைக்கும் பம்பில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ராக்கெட்டில் நிலைமை வேறு.

திரவ ஹைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிரில் இருப்பது. ஜலத்தின் கனத்தில் பதினான்கில் ஒரு பங்குதான் அதன் கனம். ஆகவே அதை ஒரு குறிப்பிட்ட அமுக்கத்துக்கு உயர்த்த, ஒவ்வொரு கிலோவுக்கும் ஜலத்துக்குக் கொடுப்பதைப் போல் பதினான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டியிருக்கிறது. நூற்றுக்கு முப்பது வீணாகும் ஒரு பம்பில், திரவத்தை நூறு வாயுமண்டல அமுக்கத்துக்கு உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். வீணான சக்தி ஜலத்தை சுமார் ஒரு டிகிரிதான் சூடாக்கும். ஹைட்ரஜனையோ சுமார் ஆறு டிகிரி சூடாக்கிவிடும். ஆறு டிகிரி என்ன பிரமாதம் என்று எண்ணிவிட வேண்டாம். கொதிக்கும் நிலையின் விளிம்பிலேயே வாழும் திரவம் அது. சூடேறிய ஹைட்ரஜன் இடைவெளி வழியே கசிந்து நுழைவாயிலுக்குத் திரும்புமானால், அமுக்கம் குறைந்த அந்த இடத்தில் ஆவியாய்ப் பொங்கும். அங்கே குமிழிகள் என்ன செய்யும் என்பதைச் சற்று முன்னர்தான் பார்த்தோம். ஒரு செலவு மற்றொரு செலவைப் பெறுவிக்கிறது. அதனால்தான் இந்த நஷ்டங்களைத் தனித்தனியே கூட்டிப் போட்டால் போதாது; ஒன்று மற்றொன்றைத் தொடும் இடங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எண்கள் எங்கிருந்து வந்தன?

இந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களை எவரும் உட்கார்ந்த இடத்திலிருந்து கற்பனை செய்துவிடவில்லை. ஒவ்வொன்றும் குழாயிலும் தொட்டியிலும் அளந்து பெற்றது. பிரெஞ்சு எஞ்சினீயரான ஆன்ரி டார்ஸி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தண்ணீர்க் குழாய்களில் உராய்வை அளந்தார். மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாய இழையைக் கலந்து, அமைதியான ஓட்டம் கொந்தளிப்பாய் மாறும் நிலையை 1883-ல் காட்டினார். கெட்டிங்கனில் நிக்குராட்ஸே குழாய்களின் உட்புறத்தில் மணல் துகள்களை ஒட்டி, சொரசொரப்பு எவ்வளவு உராய்வை வளர்க்கிறது என்று அளந்து 1933-ல் வெளியிட்டார். சுழலும் தட்டின் உராய்வுக்கு 1921-ல் தியோடர் வான் கார்மான் கணித வழி காட்டினார். கூட்டுக்குள் அடைபட்ட தட்டை டெய்லி, நீஸ் என்ற இரு அமெரிக்கர்கள் பரிசோதித்து, இடைவெளிக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஓட்டம் நான்கு விதமாய் அமைகிறது என்று 1960-ல் வகைப்படுத்தினார்கள். இன்றும் பம்பின் கணக்கைத் தொடங்குகிறவர்கள் பலர் அவர்களுடைய சூத்திரங்களை வைத்தே தொடங்குகிறார்கள்.

கணிப்பொறி வந்த பிறகு இந்தச் சிரமமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சந்துகளில் ஓடும் திரவத்தை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாய்ப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அமுக்கத்தையும் கணிப்பொறி சொல்வது உண்மையே. ஆனால் கொந்தளிப்பின் மிக நுண்ணிய சுழல்களைப் பம்பு முழுவதற்கும் நேராய்க் கணிப்பது அதன் சக்திக்கும் மேற்பட்டது. அந்த இடத்தில் அது, அளந்து பெற்ற எண்களையே கடன் வாங்குகிறது. எனவே புதுப் பம்பு ஒன்று செய்தால் முதலில் அதைத் தண்ணீரில், குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒப்புமை விதிகளைக் கொண்டு அந்த அளவுகளை உண்மை வேகத்துக்கு உயர்த்துகிறார்கள். அதன்பின் உண்மைக் குளிர்த் திரவத்தில் சோதனை. ஹைட்ரஜனின் பிசுபிசுப்பு ஜலத்தினுடையதில் சுமார் எழுபதில் ஒரு பங்குதான். அதனால் தண்ணீர் சொன்ன எண் அப்படியே செல்லாது. ஒவ்வொரு சோதனையும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்துகிறது.

உராய்வின் நல்ல குணம்

உராய்வை இவ்வளவு நேரமும் திருடனாகவே பேசிவிட்டோம். அதற்கும் ஒரு நல்ல குணம் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமன்று.

விண்வெளி ஓடத்தின் ஹைட்ரஜன் பம்பை 1976-ல் சோதித்தபோது, அதன் அச்சு தன் நடுவில் நில்லாமல், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போல் வட்டமிட்டு ஆடத் தொடங்கியது. அச்சையும் பேரிங்கின் பிடிப்பையும் உறுதிப்படுத்தியதோடு, சீல்களின் அமைப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. நாஸாவின் மார்ஷல் நிலையத்தைச் சேர்ந்த வான் பிராகனாவ் என்பவர் பின்னர், 1982-ல், ஒரு யோசனையை விளக்கினார். சீலில் சுழலும் பக்கம் வழவழப்பாகவே இருக்கட்டும்; அசையாத பக்கத்தை மட்டும் சொரசொரப்பாக்குங்கள் என்றார். அந்தச் சொரசொரப்பு, இடைவெளியில் அச்சோடு சேர்ந்து சுழலும் திரவத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அச்சின் ஆட்டம் அடங்குகிறது, கசிவும் குறைகிறது. தெரியாத இடத்தில் நின்றால் திருடனாக இருப்பவனை, தெரிந்த இடத்தில் நிறுத்திக் காவற்காரனாக்கிய கதை இது.

மஹேந்திரகிரியில்

இந்தக் கணக்கு நம் நாட்டுக்கு எவ்வளவு முக்கியமாயிற்று என்பதைத் திருநெல்வேலி ஜில்லாவில் உள்ள மஹேந்திரகிரியில் காணலாம். ஹனுமான் கடலைத் தாண்டுவதற்குக் கால் ஊன்றியதாக இராமாயணம் கூறும் மலையின் பெயரைத் தாங்கிய இடம் அது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் திரவ எரிபொருள் எஞ்சின்கள் அங்கேதான் பரீட்சை செய்யப்படுகின்றன.

திரவ ஹைட்ரஜனில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினை ருஷ்யாவிலிருந்து செய்முறையோடு பெறுவதற்கு 1991-ல் நம்மவர் ஒப்பந்தம் செய்தார்கள். ஏவுகணைத் தொழில் பரவும் என்று அமெரிக்கா ஆட்சேபித்தது. 1993-ல் ருஷ்யா செய்முறையைக் கொடுப்பதில்லை என்று பின்வாங்கியது. தயாரான அடுக்குகள் ஏழு வந்தன; அவற்றைச் செய்யும் வித்தை வரவில்லை. வாங்கிய யந்திரத்தை அளந்து பார்க்கலாம். அதன் இடைவெளி ஏன் அவ்வளவு வைக்கப்பட்டது, குளிரில் அது எவ்வளவு சுருங்கும், அப்போது உராய்வு எப்படி மாறும் என்ற கணக்கை யந்திரம் வாய் திறந்து சொல்வதில்லை. அதை நாமே எழுத வேண்டியிருந்தது.

எழுதிய முதற் பிரதி 2010-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் பரீட்சிக்கப்பட்டது. நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பிற்று. கீழ் அடுக்குகள் தங்கள் கடமையைச் செய்தன. மேல் அடுக்கிலும் தீ மூண்டது. பிரதான பம்புக்கு ஹைட்ரஜனை முன்கூட்டி அமுக்கம் ஏற்றி அனுப்பும் துணைப் பம்பு ஒன்று உண்டு. அது நிமிஷத்துக்கு 34,800 சுற்று வரை எழும்பியது. சில விநாடிகள் சென்றன. பிறகு வேகம் தணியத் தொடங்கி, 0.6 விநாடிக்குள் அடியோடு நின்றுவிட்டது. ஹைட்ரஜன் வராமல் எஞ்சின் அணைந்தது. ராக்கெட் கடலில் விழுந்தது.

ஆராய்ந்தவர்கள் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்றார்கள். ஒரு சீலில் அச்சு இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது டர்பைனின் கூடு பிளந்திருக்கலாம். முதற் காரணத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். கசிவைக் குறைக்க இடைவெளியைச் சிறிதாக வைக்கிறோம். கடுங்குளிரில் உலோகங்கள் சுருங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில். இடைவெளி மூடினால், திரவத்தில் நடந்த உராய்வு உலோகத்துக்கு இடம் மாறுகிறது. திரவத்தின் உராய்வு சக்தியைத் தின்னும். உலோகத்தின் உராய்வு யந்திரத்தையே தின்றுவிடும்.

நம் எஞ்சினீயர்கள் அந்தத் துணைப் பம்பின் அமைப்பைத் திருத்தினார்கள். பேரிங்குகளும் கூடும் குளிரில் சுருங்கி விரிவதற்கு இடம் வைத்தார்கள். மஹேந்திரகிரியில், ஆகாயத்தின் உச்சியில் இருப்பது போன்ற வெற்றிட நிலையை உண்டாக்கி எஞ்சினைச் சோதித்தார்கள். 2014-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி ஜி.எஸ்.எல்.வி. மறுபடியும் கிளம்பிற்று, இம்முறை நம் எஞ்சின் தன் வேலையை முழுவதும் முடித்துச் செயற்கைக் கிரகத்தை அதன் பாதையில் சேர்த்தது. இடையில் கழிந்தது ஏறக்குறைய நான்கு வருஷம். 2023-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி சந்திரயான்-3 கிளம்பியபோது, அதன் ராக்கெட்டின் மேல் அடுக்கில் சுழன்றவையும் நம் நாட்டில் செய்த ஹைட்ரஜன், பிராணவாயுப் பம்புகளே.

அத்துடன் பாடம் முடிந்துவிடவில்லை. மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருளில் ஓடி 200 டன் பலம் கொடுக்க வேண்டிய ஒரு பெரிய எஞ்சினை நம்மவர் உருவாக்கி வருகிறார்கள். அதன் பம்புகளும் டர்பைனும் அடங்கிய பகுதியை, எரியும் அறை இல்லாமல், 2023-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி மஹேந்திரகிரியில் ஓட்டினார்கள். 4.5 விநாடி ஓட வேண்டிய சோதனை அது. 1.9 விநாடி வரை எல்லாம் கணக்குப்படி நடந்தது. அடுத்த கணத்தில் டர்பைனில் அமுக்கம் திடீரென்று ஏறி, சுழற்சி வேகம் சரிந்தது, சோதனையை நிறுத்திவிட்டார்கள். மறுபடி அதே மாதிரிப் பகுதியை மூட்டி ஓட்டியது 2025-ம் வருஷம் மார்ச் 28-ந் தேதி. ஓடியது 2.5 விநாடி. கணக்குப்படி ஓடிற்று.

இரண்டரை விநாடிக்காக ஏறக்குறைய இருபத்தொரு மாதம்! கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாய்த் தோன்றலாம். ஆனால் அந்த இரண்டரை விநாடியில், எத்தனை சக்தி உள்ளே போயிற்று, எத்தனை திரவத்தில் சேர்ந்தது, மிச்சம் எந்தச் சந்தில், எந்தச் சீலில், எந்தத் தட்டின் முகத்தில் கரைந்தது என்று நூற்றுக்கணக்கான கருவிகள் எழுதி வைத்திருக்கும். அந்த ஏடு வேறெந்தத் தேசத்திலும் விலைக்குக் கிடைப்பதன்று. உராய்வை ஒழித்தவர் உலகில் ஒருவரும் இல்லை. அதன் கணக்கைச் சொந்தக் கையால் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் சிலரே. அந்தச் சிலருள் நம் நாட்டாரும் இடம் பெற்றிருக்கிறார்கள் என்பதை நேயர்கள் அறிந்து மகிழ்வார்களாக.